பழைய சொக்கற் செற்: குறையை நிரப்புவதா, புதிது வாங்குவதா?

போல்ட் தலையில் மாட்டித் திருகும் குழல்தான் சொக்கற். அப்பப்பாவின் சொக்கற் பெட்டியில் இரண்டு மூன்று காணாமல் போயிருந்தால் என்ன செய்வது? 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த திருகோணமலையில் இது பலருக்கும் வரும் கேள்வி.

அளவு: முதலில் இதைத்தான் பாருங்கள். பழைய இங்கிலாந்துச் சொக்கற்றில் உள்ள விட்வர்த் (பழைய இங்கிலாந்துத் திருகு அளவுமுறை) எண், போல்ட் தண்டின் விட்டத்தைச் சொல்கிறது, தலையின் அகலத்தை அல்ல. 1/4 அங்குல விட்வர்த் தலை ஏறக்குறைய 13.3 மி.மீ. மி.மீ. அளவுள்ள புதிய செற்றின் 13 ஏறாது. 14 வழுக்கி மூலையைத் தின்றுவிடும். பழைய இங்கிலாந்து எஞ்சினுக்குப் பழைய சொக்கற்றே சரி.

செலவு: பழையது ஒவ்வொன்றாகச் சேரும், பொறுமை வேண்டும். புதியது ஒரேயடியாகக் காசு கேட்கும்.

உழைப்பு: நல்ல பழைய உருக்கு இன்னும் தாங்கும். ஆனால் வெடிப்பு இருந்தால் எடுக்கவே வேண்டாம். உப்புக்காற்று இரண்டையும் விடாது. துடைத்து எண்ணெய் பூசியே வையுங்கள்.

ஜப்பான் மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி திருத்துபவருக்குப் புதிய மெற்றிக் (மி.மீ. அளவு) செற். பழைய இங்கிலாந்து இயந்திரம் வைத்திருப்பவரும் சேகரிப்பவரும் குறையை நிரப்பட்டும். பழைய கைப்பிடி தேய்ந்திருந்தால் புதியதை வாங்கலாம்: சொக்கற்றில் செருகும் அரை அங்குலச் சதுரம் இரண்டுக்கும் ஒன்றே.