எஸ்எஸ்18–எஸ்எஸ்எக்ஸ் ஆன்டிபாடி: வாங்கலாமா?

சார்கோமா (மென்திசு, எலும்புகளில் வரும் புற்றுநோய்) பயாப்சிகள் அடிக்கடி வரும் ஆய்வகம் என்றால், இ9எக்ஸ்9வி என்னும் எஸ்எஸ்18–எஸ்எஸ்எக்ஸ் ஆன்டிபாடியைத் தயங்காமல் வாங்குங்கள். சைனோவியல் சார்கோமா என்னும் வகையில் உண்டாகும் புரதத்தில் ஒட்டி, அதை நிறமாகக் காட்டும் பொருள் இது. நோய்க்குறியியல் மருத்துவராக அண்மைக்காலத்தில் எனக்கு இவ்வளவு நிம்மதி தந்த பொருள் வேறில்லை.

சைனோவியல் சார்கோமா பெரும்பாலும் இளவயதினரைத் தாக்குகிறது. முழங்காலருகே வரும் வீக்கத்தை அடிபட்டதென்று பலர் விட்டுவிடுகிறார்கள். கடைசியில் எங்கள் மேசைக்கு வருவது நூலிழை போன்ற ஊசி பயாப்சித் துண்டு. அதிலிருந்து வெட்டும் ஒரு மெல்லிய சீவலைக்கூட வீணாக்க மனம் வராது.

எஸ்எஸ்18 மரபணு தரும் புரதம் தானாக டிஎன்ஏவைப் பற்றுவதில்லை. பிஏஎஃப் என்னும் புரதக் கூட்டமைப்பில் இருந்துகொண்டு பிற மரபணுக்களின் படியெடுத்தலுக்குத் துணைநிற்கிறது. இந்தக் கட்டியில் 18ஆம் குரோமோசோமும் எக்ஸ் குரோமோசோமும் முறிந்து இடம் மாறுகின்றன. அப்போது எஸ்எஸ்18 புரதத்தின் கடைசி 8 அமினோ அமிலங்கள் போய், எக்ஸ் குரோமோசோமிலுள்ள எஸ்எஸ்எக்ஸ் மரபணு தரும் புரதத்தின் 78 அமினோ அமிலங்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டுப் புரதம் கட்டியைத் தடுக்கும் பிஏஎஃப்47 என்னும் புரதத்தைக் கூட்டமைப்பிலிருந்து வெளியேற்றுவதை 2013இல் காட்டினார்கள். ஆன்டிபாடி குறிவைப்பது அந்த ஒட்டு விழுந்த இடத்தைத்தான்.

இந்த ஆன்டிபாடியால் சாயமேற்றிய ஸ்லைடில் கட்டிச் செல்களின் உட்கருக்கள் அடர்பழுப்பாகத் தெரியும்; அவற்றினூடே ஓடும் ரத்தக்குழாயின் உட்கருக்கள் நீலமாகவே இருக்கும். பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். முன்பு நாங்கள் நம்பியிருந்த டிஎல்இ1 என்னும் வேறொரு ஆன்டிபாடிச் சாயம் நரம்புறைக் கட்டிகளிலும் நிறமேறிக் குழப்பும். ஃபிஷ் சோதனைக்கு (குரோமோசோம் முறிவை ஒளிரும் குறிகளால் காட்டுவது) வெளியே அனுப்பினால், முடிவு வரும்வரை பிள்ளையைப் பெற்றவர்கள் தவிப்பார்கள்.

2020இல் வெளியான ஆய்வில், மரபணுச் சோதனையில் உறுதியான 100 சைனோவியல் சார்கோமாக்களில் 95 இதில் நிறமேறின. ஒத்த தோற்றமுள்ள வேறு 300 கட்டிகளில் ஒன்றுகூட ஏறவில்லை. அந்த ஐந்தை மறக்கக் கூடாது. நிறமேறவில்லை என்பதற்காக நோய் இல்லையென்று எழுதிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் ஃபிஷ் செய்தே ஆகவேண்டும்.

இன்னொன்று முக்கியம். ஒட்டுப் புரதம் இயல்பான திசு எதிலும் இல்லை. ஆகவே சாயம் சரியாக வேலை செய்ததா என்று அதே துண்டின் இயல்பான செல்களை வைத்துச் சொல்ல முடியாது. உறுதியான சைனோவியல் சார்கோமாத் திசுவின் சீவல் ஒன்றை அதே ஸ்லைடின் ஓரத்தில் ஒவ்வொரு முறையும் வையுங்கள். வெளியிலிருந்து வந்த, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் சரியாக ஊறாத ஒரு பிளாக்கில் (மெழுகில் பதித்த திசுவில்) நிறம் மங்கலாக வந்தபோது, ஓரத்துச் சீவல் பளிச்சென்று இருந்ததால்தான் சாயத்தில் பிழையில்லை என்று தெரிந்து, அதை ஃபிஷ்ஷுக்கு அனுப்பினோம்.

விலை அதிகம். சார்கோமா அரிதாக வரும் ஆய்வகத்தில் குப்பி காலாவதியாகிவிடும். அவர்கள் பக்கத்துப் பெரிய மையத்துக்கு பிளாக்கை அனுப்புவதே நல்லது.