கண்ணாடியா, கற்பனையா, கடும்பயிற்சியா? தீராத கைவலிக்கு மூன்று வழிகள்

மணிக்கட்டு முறிவுக்குப் போட்ட மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. எலும்பு கூடிவிட்டதாக எக்ஸ்ரேயும் சொல்கிறது. ஆனாலும் சிலருக்குக் கை வீங்குகிறது, நிறம் மாறுகிறது, சேலைத் தலைப்பு உரசினாலே எரிகிறது. மருத்துவர்கள் இதை சி.ஆர்.பி.எஸ். (Complex Regional Pain Syndrome) என்கிறார்கள். காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் அபாயமணியை நிறுத்தாத நிலை இது. இதற்கு இயன்முறை சிகிச்சையில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன.

முதலாவது கண்ணாடி. கையை இழந்த பிறகும் அந்த இல்லாத கையில் வலியை உணர்பவர்களுக்காகத் தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் கொண்டுவந்த உத்தி. வலிக்கும் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை முன்னால் அசைக்க வேண்டும். பிம்பத்தைப் பார்க்கும் மூளை, நோயுற்ற கை வலியின்றி அசைவதாக எடுத்துக்கொள்கிறது. செலவு ஒரு முகம்பார்க்கும் கண்ணாடிதான். ஆனால் 2003இல் இங்கிலாந்தின் பாத் நகரக் குழு 8 பேரிடம் செய்து பார்த்தபோது, நோய் தொடங்கி 8 வாரத்துக்குள் வந்தவர்களுக்கு வலி தணிந்தது. 2 ஆண்டுக்கு மேல் அவதிப்பட்டவர்களுக்குத் தணியவில்லை. சிறிய ஆய்வுதான், என்றாலும் நான் இதை லேசாக ஒதுக்க மாட்டேன்.

நாள்பட்டவர்களுக்கு என்ன வழி? ஆஸ்திரேலிய வலி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி, கண்ணாடியைக் கடைசிப் படிக்குத் தள்ளினார். முதல் 2 வாரம் கைகளின் படங்களைப் பார்த்து இடக்கையா வலக்கையா என்று சொல்வது மட்டும். அடுத்த 2 வாரம் கையை அசைப்பதாக மனத்துக்குள் நினைப்பது. அதன் பிறகுதான் கண்ணாடி. 2004இல் அவர் வெளியிட்ட ஆய்வில் நாள்பட்ட நோயாளிகளுக்கே வலி குறைந்தது. படிகளின் வரிசையை மாற்றியபோது பலனும் குறைந்தது. இந்த நோயில் அசைவை நினைப்பதே சிலருக்கு வலியைக் கிளப்பும் என்பதால், இந்த நிதானத்துக்குக் காரணம் இருக்கிறது. குறை என்னவென்றால், விழித்திருக்கும் நேரமெல்லாம் அடிக்கடி பயிற்சி செய்தாக வேண்டும். வேலைக்குப் போகிறவர் எப்படிச் செய்வார்? பிரிட்டனில் 2 மையங்கள் அன்றாட நடைமுறையில் முயன்றபோது அந்தப் பலன் கிட்டவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

மூன்றாவது, நெதர்லாந்துக்காரர்கள் முயன்ற கடும்பயிற்சி: வலியைப் பொருட்படுத்தாமல் கையைப் புழங்க வைப்பது. 2015இல் வெளியான, 56 பேர் பங்கேற்ற ஒப்பீட்டில் வழக்கமான சிகிச்சையை இது விஞ்சவில்லை. வலிக்குப் பயந்து கையை மடியிலேயே வைத்திருப்பவரை அசைய வைக்க இது உதவலாம். தேர்ந்த சிகிச்சையாளர் பக்கத்தில் இல்லாமல் இதில் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

என் தேர்வு இது: நோய் தொடங்கிய முதல் சில வாரங்கள் என்றால் கண்ணாடி, மாதக்கணக்கு கடந்துவிட்டால் மோஸ்லியின் படிகள். படங்களுக்குச் செலவழிக்க வேண்டாம். வீட்டிலுள்ளவர்களின் கைகளைப் பல கோணங்களில் கைபேசியில் எடுத்துக்கொண்டாலே போதும். எந்தப் படியிலாவது வீக்கமோ வலியோ கூடினால் முந்தைய படிக்குத் திரும்புங்கள், சிகிச்சையாளரிடமும் சொல்லுங்கள்.