"நாளைக்கே ஜாமீன்" என்று சொன்ன வக்கீலிடம் ஏமாந்த கதை

ஒரு கைகலப்பில் என் தம்பியையும் சேர்த்துப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன ராத்திரி, ஸ்டேஷன் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஒருவர் தானாக வந்து பேச்சுக் கொடுத்தார். "அடிதடி கேஸ்தானே? நம்ம வக்கீல் இருக்கார். நாளைக்கே ஜாமீன்." நான் வாயே திறக்கவில்லை, என்ன கேஸ் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது? அது அப்போது உறைக்கவில்லை.

வக்கீல் புகார் நகலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நான் பாத்துக்கறேன், கவலைய விடுங்க" என்றார். மொத்த ஃபீஸும் முன்பணமாக, ரொக்கமாக. ரசீது கேட்டதற்குச் சிரித்தார். நாங்கள் நடந்ததையெல்லாம் சொன்னபோது அந்த இடைத்தரகரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வக்கீலிடம் சொல்வது ரகசியம் என்பதெல்லாம், சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் உட்கார்ந்து கேட்டால் ஆட்டம் கண்டுவிடும் என்பது பின்னால்தான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து வக்கீல், "குடுக்க வேண்டிய இடத்துல குடுக்கணும்" என்று இன்னொரு தொகை கேட்டார். கடன் வாங்கிக் கொடுத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அது லஞ்சத்துக்கு என்று தெரிந்தேதான் கொடுத்தேன். அது யாரிடமாவது போய்ச் சேர்ந்திருந்தால் நானும் குற்றவாளிதான். அநேகமாக அவர் பையைத் தாண்டிப் போயிருக்காது.

ஜாமீன் விசாரணைக்கு வந்தது ஒரு ஜூனியர். வழக்குக் கட்டைப் பார்த்ததே இல்லை, பாவம். வாய்தா கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். தம்பி வெளியே வரப் பன்னிரண்டு நாள் ஆனது.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். அப்புறம் ஒரு நாள் வக்கீல் போன் செய்து, "குற்றத்தை ஒத்துக்கச் சொல்லுங்க, அபராதத்தோட முடிஞ்சிடும்" என்றார். எங்களுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது! தம்பியும் தயாராகிவிட்டான். நல்லவேளை, சொத்து வழக்கு பார்க்கும் ஒரு நண்பர், கிரிமினல் வழக்கே பார்க்கும் ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பினார்.

அவர் கட்டை வாங்கி ஒரு மணி நேரம் படித்தார். முதலில் கை ஓங்கியது யார், அங்கே கேமரா இருந்ததா, காயத்துக்கு எந்த நேரத்தில் சிகிச்சை என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு சொன்னார்: ஒப்புக்கொண்டால், ஜெயிலுக்கே போகாவிட்டாலும் குற்றவாளி என்ற தீர்ப்பு பதிவாகிவிடும், வேலைக்கோ விசாவுக்கோ போகும்போது அது முன்னால் வந்து நிற்கலாம். ஒப்புக்கொள்வதே சரியான வழியாக இருக்கும் வழக்குகளும் உண்டு, ஆனால் எதிர்த்தரப்புச் சாட்சியத்தைப் பார்க்காமல் அதைச் சொல்லக் கூடாது என்றார். "ஜெயிச்சிடுவோமா?" என்று கேட்டேன். "அதுக்கு உறுதி தர முடியாது" என்றார். முதல் ஆள் சொன்னதைக் கேட்டுப் பழகிய எனக்கு அன்று அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

முதல் நாளே ஸ்டேஷனில், உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பித் தம்பி எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, நீதியின் நலனுக்குத் தேவைப்படும் வழக்கில் வசதியில்லாதவருக்கு இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று ஐ.நா.வின் 1966ஆம் ஆண்டு குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 14ஆம் பிரிவே சொல்கிறது. இதை அந்த வக்கீலம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நான் கடன் வாங்குவதற்கு முன்னால் சட்ட உதவிக்காவது போய்க் கேட்டிருக்கலாம்.

வக்கீலை மாற்றப் போனபோது, மொத்த ஃபீஸையும் முதலிலேயே வாங்கியிருந்தும், பாக்கி கொடுத்தால்தான் வழக்குக் கட்டைத் தருவேன் என்று பழையவர் பிடிவாதம் பிடித்தார். வக்கீலை மாற்றுவது நம் உரிமை. நீதிமன்றத்திலேயே நகல் மனு போட்டு வாங்கினோம், இரண்டு வாரம் வீணானது. அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை கேட்டுப் புகார் கொடுத்திருக்கிறேன். கையில் ரசீது இல்லை. அவர் பணம் கேட்டு அனுப்பிய இரண்டு மெசேஜ் மட்டும் அழிக்காமல் இருந்தது.

வழக்கு இன்னும் நடக்கிறது. போன வாரம் அந்த ஸ்டேஷன் பக்கம் போனேன். அந்த இடைத்தரகர் அதே வாசலில், அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.