17.5 குதிரைத்திறன் இன்டெக்: டர்பன் வட கரைப் புல்லுக்கு வாங்கலாமா?

வாங்கலாம், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பிடிக்கத் தெரிந்த கை ஒன்று பக்கத்தில் இருந்தால். பழைய ரைட்-ஆன், அதாவது உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி தேடுகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படுவது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் இந்த ஒற்றை சிலிண்டர் இன்ஜின். சுமார் 500 சிசி, வால்வ் மேலே, காற்றில் குளிர்வது. நல்ல நிலையில் இருந்தால் தடித்த கிகுயு புல்லையும் சளைக்காமல் வெட்டும். இதன் மேல் வரும் பெரிய புகார், சூடேறினால் இழுவை போய்விடுகிறது என்பதுதான். அதற்குப் பல பட்டறைகளில் முதல் மருந்து புது கார்புரேட்டர். பெரும்பாலும் வீண் செலவு அது.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். புல்லுக்குள் போனதும் இன்ஜின் சத்தம் தணிந்து திணறினால் கோளாறு இன்ஜினில் இருக்கலாம். சத்தம் அப்படியே இருந்து, வெட்டு மட்டும் கந்தலாக விழுந்தால் டெக் (பிளேடை மூடியிருக்கும் கூடு) பெல்ட் வழுக்குகிறது. இன்ஜினைத் தொட வேண்டாம். மழுங்கிய பிளேடும், டெக்குக்கு அடியில் அப்பிக் காய்ந்த ஈரப்புல்லும்கூட நல்ல இன்ஜினைத் திணற வைக்கும். டர்பன் மழைக்காலத்தில் இது சாதாரணம்.

அடுத்து, காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக். இன்ஜின் திணறும்போது சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். தேறினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், குழாய், மெயின் ஜெட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்னத் துளை), அல்லது கார்புரேட்டருக்குப் பின்னால் இணைப்பை அடைக்கும் காஸ்கெட்டில் காற்று புகுவது. இன்னும் மோசமாகிக் கரும்புகை வந்தால் காற்று போதவில்லை. டோங்காட், வெருலம் பக்கம் கரும்புத் தோட்டம் எரிக்கும் மாதங்களில் பறக்கும் கரிச்சாம்பல் ஏர் ஃபில்டரில்தான் போய் ஒட்டும். 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது கையேடு. அறுவடைக் காலத்தில் அதற்கு முன்பே பார்ப்பது நல்லது. பேப்பர் ஃபில்டரைத் தரையில் மெல்லத் தட்டினால் போதும். கம்ப்ரஸர் காற்று அடித்தால் பேப்பர் கிழிந்துவிடும்.

அரைமணி ஓடிய பிறகு இழுவை குறைந்தால் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். உடனே தேறினால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. மூடி காரணம் இல்லையென்றால், இன்ஜின் நின்ற கணத்திலேயே ஸ்பார்க் டெஸ்டர் வைத்துப் பொறியைப் பாருங்கள். சூட்டில் பொறி இல்லாமல், ஆறியதும் வந்தால் பொறி தரும் இக்னிஷன் காயில் கெட்டுவிட்டது. பிளக் இடைவெளி 0.76 மி.மீ.

இவ்வளவும் சரியாக இருந்தும் இழுவை இல்லை என்றால், இந்த இன்ஜினின் உண்மையான பலவீனத்துக்கு வந்துவிட்டோம். மேலே உள்ள விசிறி உறையைக் கழற்றுங்கள். சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவே காய்ந்த புல் அடைத்திருந்தால் சூடு வெளியேறாது. சூடு கூடினால் எண்ணெய் நீர்க்கும், கடைசியில் ஹெட் காஸ்கெட் கிழியும். கிழிவது பெரும்பாலும் வால்வைத் திறக்கும் புஷ்ராட் கம்பிகள் போகும் பக்கத்தில்தான். அங்கே காஸ்கெட் மிகவும் ஒடுங்கியது. எரியும் வாயு அந்த வழியாக, எண்ணெய் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் புகுந்து, எண்ணெயை அதன் மூச்சுக்குழாயான பிரீதர் வழியே காற்றுப் பாதைக்குத் தள்ளும். நீலப்புகை, எண்ணெயில் ஊறிய ஏர் ஃபில்டர், குறைந்துகொண்டே போகும் எண்ணெய் மட்டம், இவை மூன்றும் சேர்ந்து வந்தால் ரிங் தேய்ந்தது என்று அவசரப்பட்டு இன்ஜினைப் பிரிக்காதீர்கள். லீக்-டவுன் சோதனை (பிளக் துளை வழியே சிலிண்டருக்குள் காற்றை அடைப்பது) செய்து, காற்று எங்கே போகிறது என்று பாருங்கள். ஸ்டார்ட் ஆவதற்காக அழுத்தத்தைத் திறந்துவிடும் அமைப்பு கேம்ஷாஃப்டில் இருப்பதால், சாதாரண கம்ப்ரஷன் மீட்டர் இங்கே சரியான கணக்குச் சொல்லாது.

வால்வ் இடைவெளியை ஆறிய இன்ஜினில்தான் அளக்க வேண்டும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அதைத் தாண்டி 6 மி.மீ. கீழே இறக்குங்கள். பிளக் துளைக்குள் ஒரு ஸ்ட்ராவை விட்டால் இறக்கம் தெரியும். இன்டேக் 0.08 முதல் 0.13 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.13 முதல் 0.18 மி.மீ. இடைவெளி கூடினால் வால்வ் முழுதாகத் திறக்காது. மேலே சொன்ன அழுத்தத் திறப்பும் வேலை செய்யாமல் ஸ்டார்ட்டர் பாதிச் சுற்றில் முட்டி நிற்கும். பேட்டரி போச்சு என்று புதிதாக வாங்கிப் போட்டும் அது முட்டத்தான் செய்யும். இடைவெளி குறைந்தால் சூட்டில் வால்வ் மூடாது, எக்ஸாஸ்ட் வால்வ் கருகும்.

ஜோகன்னஸ்பர்க் உறவினருக்கு இதே வண்டியைச் சிபாரிசு செய்வதற்கு முன் ஒரு கணக்கு: ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3.5 விழுக்காடு சக்தி குறையும். ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் 17.5 என்பது 14 ஆகிவிடும். அது கோளாறல்ல, காற்றே மெலிந்திருக்கிறது. அங்கே பெரிய தோட்டம் என்றால் இரட்டை சிலிண்டர் பார்ப்பது நல்லது. பெட்ரோல் 93 ஆக்டேன் போதும். 95 ஊற்றினால் இழுவை கூடாது. எண்ணெய் எஸ்ஏஇ 30. டர்பன் வெயிலில் 10டபிள்யூ-30 ஊற்றினால் எண்ணெய் குடிப்பது கூடும். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பழையதை வாங்கப் போகும்போது, ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் உறையைத் தொட்டுப் பார்த்து, இன்ஜின் குளிர்ந்திருந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து எண்ணெய்க் கறை தேடுங்கள். பிறகு பிளேடைச் சுழலவிட்டு, அரைமணி நேரம் உயரப் புல்லில் ஓட்டிப் பாருங்கள். "புல் நேற்றுதான் வெட்டினோம்" என்றால் வேறு நாள் கேளுங்கள்.