டர்பனைச் சுற்றிப் பறப்புப் பயிற்சிக்கு எந்த இடம்? நான்கு பகுதிகள், ஓர் ஒப்பீடு

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் பறப்பு மணி சேர்ப்பதற்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரும் நம் பிள்ளைகள், வந்த இரண்டாம் நாளே வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் சார் கூட்டம் இல்லாமல் இருக்கும்?" என்று கேட்பார்கள். ஸ்டாலுக்கும் (இறக்கை தாங்குவிசையை இழக்கும் நிலை) ஸ்டீப் டர்னுக்கும் (மிகவும் சாய்ந்து திரும்புவது) எஞ்சின் நின்றதாகப் பாவித்து இறங்கும் பயிற்சிக்கும் காலியான வானம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது பாதி விடைகூட அல்ல. பயிற்சி முடியும் மிகத் தாழ்ந்த உயரத்தில் எஞ்சின் உண்மையாகவே நின்றால் எங்கே இறங்குவோம், இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை வானொலியில் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா, வந்த வழி ஒரு மணி நேரம் கழித்தும் திறந்திருக்குமா என்பவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். இத்தகைய பயிற்சிக்கு முன் செய்யும் ஹாசெல் (HASELL) சோதனையில் 'எல்' எழுத்து இரண்டு முறை வருகிறது; முதலாவது இடத்தைக் குறிக்கிறது, அடுத்தது சுற்றிலும் பார்ப்பதைக் குறிக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைக் கவனமாகச் செய்து, முதலாவதை வாயளவில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

எந்தப் பகுதியானாலும் முதலில் நடப்பு வரைபடத்தில் எஃப்ஏபி, எஃப்ஏஆர், எஃப்ஏடி என்று தொடங்கும் கட்டங்களைப் பார்த்துவிடுங்கள். இவை முறையே தடை செய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட, அபாயமுள்ள வான்வெளிகள். பயிற்சிக்கென்றே அறிவித்த பகுதி இருந்தால் அதற்குள்தான் இடம் தேட வேண்டும். விமானிகளுக்கான அறிவிப்பாகிய அன்றைய நோட்டாமையும் விடக் கூடாது. பிப்ரவரியில் மிட்மார் அணையில் நீச்சல் போட்டி நடக்கும் நாள்களில், காலியாகத் தெரிந்த வானத்தில் ஹெலிகாப்டர் எதிர்ப்படலாம்.

கடற்கரையே புதியவரை முதலில் ஈர்க்கிறது. டர்பனின் விர்ஜினியா விமான நிலையத்தின் ஓடுபாதை கடற்கரையை ஒட்டியே கிடக்கிறது. ஏறியவுடன் வலப்பக்கமோ இடப்பக்கமோ கடல் தெரிந்துவிடும் என்பதால் வழி தவறுவது கடினம். ஆனால் 2010 மே 1 அன்று லா மெர்சியில் கிங் ஷாகா பன்னாட்டு விமான நிலையம் திறந்ததிலிருந்து, இந்தக் கரையோரத்தில் சிறு விமானங்கள் தாழ்வான, குறுகிய பாதையில் போய்வருகின்றன. ஸ்டாலுக்கு வேண்டிய உயரம் அங்கே எளிதில் கிடைப்பதில்லை. கரையை விட்டு விலகினால் கீழே தண்ணீர். மூட்டமான நாளில் கடலும் வானும் ஒரே சாம்பல் நிறமாகி அடிவானமே மறைந்துவிடும். அடிவானம் தெரியாமல் ஸ்டீப் டர்ன் பழகுவதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. டிசம்பர் விடுமுறையில் மணலும் காலியாக இருக்காது. வழி பழகுவதற்குக் கடற்கரை நல்லது, பயிற்சிக்கு உதவாது.

ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு மிக அருகில் இருக்கிறது. இனாண்டா அணையைப் போல் தெளிவான அடையாளமும் வேறு இல்லை. அவ்வளவுதான் அதன் சிறப்பு. சரிவெல்லாம் வீடுகள், குறுக்கே மின்கம்பிகள், சமதரை என்று சொல்ல ஓர் இடம் இல்லை. உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து இறங்கிவரும் பெர்க் காற்று வீசும் நாளில் அந்தச் சரிவுகளின் மேல் விமானம் தூக்கிப் போடும்.

கரும்புக்காடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னையே ஏமாற்றிய இடம் அது. டோங்காட்டுக்கும் ஸ்டாங்கருக்கும் உட்புறமாக, அலை அலையான மேடுகளில் கண்ணுக்கு எட்டியவரை கரும்பு. மூவாயிரம் அடியிலிருந்து பார்த்தால் கத்தரித்த புல்வெளி போலத் தோன்றும். நான் இங்கு வந்த புதிதில், விசையைக் குறைத்து ஒரு பச்சைத் துண்டைத் தேர்ந்தெடுத்து இறங்கிக்கொண்டே வந்தேன். எழுநூறு அடியில்தான் அதன் முகம் தெரிந்தது: ஆளுயரத்துக்கு மேல் நின்ற முற்றிய கரும்பு, அதன் கீழ் நல்ல சரிவு. உண்மையில் எஞ்சின் நின்றிருந்தால் சக்கரம் தோகையில் சிக்கி விமானம் குப்புறக் கவிழ்ந்திருக்கும்.

அதற்குப் பிறகு வெருலத்தில் கரும்பு பயிரிட்ட ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டேன். 1860இல் தொடங்கிய ஒப்பந்தக் கூலி முறையில் சென்னையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அவருடையது. என்னை வயலுக்குள்ளேயே நடத்திக் காட்டினார். "வெட்டி முடிச்ச வயலைப் பாரு தம்பி. மறுதாம்பு முழங்கால் அளவு இருக்கும்போது பாருகளுக்கு நடுவே ஓடலாம், குறுக்கே ஓடினா கவுந்துடும்" என்றார். அவர் சொன்ன மறுதாம்பு என்பது வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் கரும்பு; பார் என்பது வரிசை வரிசையாக உயர்த்திய மண்மேடு. அதிலே கால் இடறி நடந்தபோதுதான், காற்றை எதிர்த்து இறங்கு என்ற விதியைவிடப் பார் ஓடும் திசையே இங்கே முக்கியம் என்பது எனக்கு உறைத்தது. இன்றும் மாணவரை அந்தப் பகுதிக்கு அனுப்புவதற்கு முன் ஒரு வயலுக்குள் நடக்கவைக்கிறேன்.

ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான அறுவடைக் காலத்தில் வெட்டிய வயல்கள் பழுப்பாகப் பிரிந்து தெரியும். சோகை கொளுத்தும் புகை காற்றின் திசையைக் காட்டும். அதே புகைக்கு வெருண்டோடும் பூச்சிகளைப் பிடிக்க, ஆகஸ்டிலிருந்து பருந்துகள் வட்டமிடும். ஆகவே புகையைக் கண்டு திசையை அறிந்துகொண்டு விலகிவிட வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை மாலை நேரத்தில் இந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம். கிங் ஷாகாவுக்கு மிக அருகே மவுன்ட் மோர்லண்டில் உள்ள நாணற்காட்டில், 30 லட்சம் வரை என்று மதிப்பிடப்படும் தகைவிலான் குருவிகள் சூரியன் மறையும் வேளையில் வந்து அடைகின்றன. விமான நிலையமே அவற்றைக் கவனிக்க ரேடார் வைத்திருக்கிறது.

உள்நாட்டுப் பக்கம் உள்ள மிட்லண்ட்ஸ் பகுதியில் மேய்ச்சல் நிலம் உண்டு, மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ் என்று உம்கேனி ஆற்றின் மேல் கோர்த்த அணைகள் உண்டு. ஆற்றைப் பிடித்தாலே இருக்கும் இடம் தெரிந்துவிடும். அங்கே சிக்கல், கடல்மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரமானிதான். கடலோரத்தில் 5,500 அடி என்றால் கீழே 5,500 அடி வெற்றிடம். மிட்மார் அணையின் நீர்மட்டமே சுமார் 3,400 அடி என்பதால் அதே முள் காட்டும்போது உங்களுக்கு மிஞ்சுவது 2,100 அடி. தரைக்கு மேல் 2,000 அடிக்குக் கீழே இறங்கும் முன்பே ஸ்டாலிலிருந்து மீண்டுவிட வேண்டும் என்பது நான் என் மாணவர்களுக்கு விதிக்கும் வரம்பு. ஆகவே அங்கே தொடங்கும் உயரம் 6,500 அடியாவது இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கு ஏறுவதும் எளிதன்று. 2,400 அடியில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஓரிபி விமான நிலையத்தில் வெப்பம் 30 பாகை என்றால் அடர்த்தி உயரம், அதாவது காற்றின் அடர்த்தியை வைத்து விமானம் உணரும் உயரம், ஏறத்தாழ 4,800 அடி. கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 700 அடி ஏறும் செஸ்னா 172, மிட்மாரின் மேல் வெயில் நேரத்தில் அதில் பாதி ஏறினாலே பெரிது. கோடைப் பிற்பகலில் ஆலங்கட்டியோடு இடிமழையும் வரும்.

இவற்றில் புதியவருக்கு நான் காட்டுவது ஆல்பர்ட் ஃபால்ஸ் அணையின் சுற்றுப்புறம். மிட்மாரைவிட ஆயிரம் அடிக்கு மேல் தாழ்ந்த நீர்ப்பரப்பு, சுற்றிலும் திறந்த நிலம், காலைக்குள் முடித்துவிடக்கூடிய தூரம். தைல மரத் தோப்புகளை மட்டும் விலக்கி, 1,000 அடிக்கு ஒன்றரைக் கடல்மைல் சறுக்கும் என்று கையேடு சொன்னால் அதில் பாதியைக் கணக்கில் வைத்து, அந்த வட்டத்துக்குள் இரண்டு வயல்களாவது இருக்கும்படி நில்லுங்கள். அறுவடை மாதங்களில், ஒரு மாதம் பழகிய பிறகு, கரும்புப் பக்கம் போகலாம்.

திரும்பும் வழிதான் மிட்லண்ட்ஸின் உண்மையான அபாயம். பெர்க் காற்றின் சூடு திடீரென்று தணிந்து தென்மேற்குக் காற்று திரும்பினால், கடலோரம் முழுவதும் தாழ்ந்த மேகம் வந்து மூடும்; போத்தாஸ் ஹில் மேடு அதற்குள் மறைந்துவிடும். அந்த மேட்டை ஊடுருவிக் கடலைத் தேடுவதைவிட ஓரிபியில் இறங்கி இரவு தங்குவது நல்லது. அதற்கான எரிபொருளையும் அங்குள்ள டவரின் அலைவரிசையையும் புறப்படும் முன்பே முழங்கால் பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் வானொலியில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ஆல்பர்ட் ஃபால்ஸ் அணைச் சுவருக்கு வடக்கே இரண்டு கடல்மைல், 5,500 அடிக்கும் 6,500 அடிக்கும் நடுவே ஸ்டால் பயிற்சி, இன்னும் இருபது நிமிடம்.