மிரிஸ்ஸவா, திருமலையா? திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகள்

முதலில் மாதம், பிறகுதான் ஊர். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை இலங்கையின் தென்கரை அடங்கியிருக்கும், அப்போது மிரிஸ்ஸ. மே முதல் செப்ரெம்பர் வரை கிழக்கு அடங்கும், அப்போது திருகோணமலை, சுருக்கமாகத் திருமலை. மார்ச், ஏப்ரலில் இரண்டு பக்கமும் வாய்ப்பு உண்டு. கணக்கு மாறி ஜூலையில் மிரிஸ்ஸவுக்குப் போனாலும் டிக்கெட் விற்க ஆள் இருக்கும். ஆனால் சோளகம் என்ற தென்மேற்குப் பருவக் காற்றில் படகு துறைமுக வாயைத் தாண்டிய கையோடு பாதிப் பேர் வாந்திப் பைக்குள் தலையை விட்டிருப்பார்கள். வெள்ளை நுரை நிறைந்த கடலில் திமிங்கிலத்தின் மூச்சும் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு ஊரிலும் ஆழ்கடல் கரைக்குக் கிட்டவே வந்துவிடுகிறது. தெற்கே, தீவின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்கு அப்பால் கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, மிக ஒடுக்கம். கிழக்கே, மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, ஆயிரம் மீற்றரைத் தாண்டி இறங்குகிறது. மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் இரை தேடிக் குளிர்கடலுக்குப் போகும்போது, வட இந்தியப் பெருங்கடலில் உள்ளவை வெப்பக் கடலிலேயே தங்கி இரை தேடுகின்றன. ஆஷா டி வோஸ் என்ற இலங்கைக் கடல் உயிரியலாளர் இவற்றைப் பற்றித் தொடர்ந்து ஆய்ந்து எழுதியவர். இங்கே அவற்றின் முக்கிய இரை ஒருவகைச் சின்ன இறால். அவை இங்கேயே தங்கி இரை தேடுவதால், ‘இன்றைக்குத் திமிங்கிலம் இருக்குமா’ என்பதை விட ‘இன்றைக்குக் காற்று எப்படி’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மிரிஸ்ஸவில் கிடைப்பது பெரிய படகு. இரண்டு தட்டு, கழிப்பறை, காலைச் சாப்பாட்டுப் பொதி, உயிர்காப்பு அங்கி எல்லாம் டிக்கெட்டுக்குள் வரும். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து காலை ஆறு, ஆறரைக்குப் புறப்பட்டு, திமிங்கிலம் எங்கே அகப்படுகிறது என்பதைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் திரும்புவார்கள். மேல்தட்டில் நின்றால் கண் கடலிலிருந்து ஐந்து மீற்றர் உயரத்தில் இருக்கும். அடிவானம் எட்டுக் கிலோமீற்றருக்குத் தள்ளிப் போகும். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஒன்பது மீற்றர் வரை நிமிர்ந்து எழும் என்பதால், வெகுதூரத்திலேயே வெள்ளைத் தூணாகத் தெரியும். உயரத்துக்கு விலையும் உண்டு: படகு சாய்ந்தால் மேல்தட்டுத்தான் அதிகம் ஆடும். தலைசுற்றும் உடம்புக்காரர் கீழ்த்தட்டின் நடுவில் இருக்க வேண்டும். பின்பக்கம் ஆட்டம் குறைவுதான், ஆனால் டீசல் புகை வரும். அந்த மணம் போதும், மாத்திரை போட்டவரையும் கவிழ்த்துவிடும்.

திருமலைச் சேவை வேறு சாதி. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் மணலிலிருந்து தள்ளி இறக்கும், பின்னால் மோட்டார் பூட்டிய பைபர் படகு. நாலு பேர், ஆறு பேர், அவ்வளவுதான். கூரை இருந்தால் அதிர்ஷ்டம், கழிப்பறை கிடையாது. ஏறும்போதே முழங்கால் வரை நனையும் என்பதால் சப்பாத்தை அறையிலேயே விட்டுவிடலாம். முன்பலகை அழகான இடம் போலத் தெரியும். ஓடத் தொடங்கினால் ஒவ்வோர் அலைக்கும் முதுகெலும்பில் அடி விழும். முதுகு நோவுள்ளவரும் கர்ப்பிணிகளும் இந்தப் படகுக்கே போகக்கூடாது. மற்றவர்கள் ஓட்டிக்கு முன்னால், நடுவுக்குச் சற்றுப் பின்னே இருக்கலாம். இவ்வளவு வதைக்கும் ஈடாகக் கிடைப்பது, தண்ணீர் மட்டத்தில் கண் இருப்பது. திமிங்கிலம் மூச்சு விடும் சத்தம் இங்கே காதில் விழும். மிரிஸ்ஸவின் பெரிய எஞ்சினுக்குப் பக்கத்தில் அது அபூர்வம்.

திருமலையில் நேரம் கறார். மே, ஜூன், ஜூலையில் வீசும் கச்சான் தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. விடியலில் கடல் கண்ணாடி. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், ஒன்றும் தெரியாது. திரும்பும்போது முகத்துக்கு நேரே வரும். உப்புத் தண்ணீர் வாளி வாளியாக அடிக்கும், பெற்றோலும் கூடச் செலவாகும். அதனால் ஐந்தரைக்குப் புறப்படுவோம் என்று சொல்லும் படகுக்காரரைப் பிடியுங்கள். எட்டு மணிக்குப் போகலாம், ஒரு பிரச்சினையுமில்லை என்பவருக்குக் கடல் தெரியாது, அல்லது உங்களைத் தூரம் கொண்டுபோக எண்ணமில்லை. கைத்தொலைபேசி, பணம் எல்லாம் நீர்புகாப் பையில். ‘திமிங்கிலமும் புறாத்தீவும்’ என்று சேர்த்து விற்கும் பொதியில் ஒரு குழப்பம் வரும்: புறாத்தீவு தேசிய பூங்கா, அதன் நுழைவுக் கட்டணம் தனி. படகு விலைக்குள் அது அடங்குமா என்று ஏறுமுன் கேட்காதவர்கள் இறங்கும் இடத்தில் வாக்குவாதப்படுகிறார்கள்.

இரண்டு ஊரிலும் உண்மையான தரத்தைக் காட்டுவது சாப்பாட்டுப் பொதியோ படகின் அளவோ அல்ல. திமிங்கிலம் மேலே வந்தபின் ஓட்டி கையில் எஞ்சின் என்ன செய்கிறது என்பதுதான். நீலத் திமிங்கிலம் மேலே வந்து சில தடவை மூச்சு விட்டு, முதுகை வளைத்து, பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஆழம் போகும். இலங்கைக் கடலில் பல திமிங்கிலங்கள் அப்போது வாலைத் தூக்கிக் காட்டும். படகு நெருங்க வேண்டியது பக்கவாட்டில், சற்றுப் பின்தள்ளி, அது போகும் திசைக்கு இணையாக, அலை எழுப்பாத வேகத்தில். 100 மீற்றரில் கியரை நியூட்ரலுக்குப் போட்டு நிறுத்த வேண்டும். கடல் பாலூட்டிகளை அவதானிப்பதற்கான விதிகள் 2012இலேயே வந்துவிட்டன. அனுமதியில்லாமல் திமிங்கிலத்தோடு நீந்துவதும் சட்டவிரோதம். அதை இரகசியச் சலுகை போலக் காதோடு சொல்லும் ஆளிடம் எதையுமே வாங்காதீர்கள்.

பிழை நடப்பது எங்கே என்றால், மிரிஸ்ஸவில் ஒரு மூச்சு தெரிந்ததும் பத்துப் படகு ஒரே புள்ளிக்கு ஓடும். முந்தியவர் திமிங்கிலத்தின் பாதையை வெட்டி முன்னால் நிற்பார். எஞ்சின் ஏறி இறங்கும் சத்தத்துக்கு அது இரண்டு மூச்சிலேயே முங்கிவிடும், வாலும் காட்டாது. அடுத்த முறை வேறெங்கோ எழும்; படகுகள் மறுபடி பாயும். இப்படி நாலு மணி நேரம் துரத்தினால் நாலு முதுகு பார்க்கலாம். நிதானக்காரர் செய்வது வேறு: முங்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுவழுப்பான வட்டம் நிற்கும். அது கடைசியாகப் போன திசையைக் குறித்துக்கொண்டு, சற்றுத் தள்ளி, எஞ்சினை நிறுத்தி, பதினைந்து நிமிடம் காத்திருப்பார். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ‘ஏன் சும்மா நிற்கிறோம்’ என்று முணுமுணுக்கும் பயணிகள்தான் நல்ல ஓட்டிகளையும் கெடுக்கிறார்கள்.

வாலும் மூச்சும் எதுவென்று சொல்லும். மூச்சு நேராக நிமிர்ந்தால் நீலம். முன்னாலும் இடப்பக்கமுமாகச் சரிந்தால் ஸ்பேர்ம் திமிங்கிலம். அது மேலே மரக்கட்டை போல அசையாமல் கிடந்து, அகன்ற முக்கோண வாலைத் தூக்கி முங்கினால் முக்கால் மணி நேரம், சிலவேளை ஒரு மணி நேரம் வராது. அதற்காகக் காத்திருக்காமல் நகரும் ஓட்டி விஷயம் தெரிந்தவர். தலையில் மூன்று வரம்பு தெரிந்து, வால் காட்டாமல் போனால் பிறைட்ஸ் திமிங்கிலம்.

டொல்பின், நம் மீனவர் வாயில் ஓங்கில், பெரும்பாலும் கொசுறாகக் கிடைக்கும். மெல்லிய நீள மூக்கோடு எழும்பிப் பம்பரமாய்ச் சுழன்று விழுவது ஸ்பின்னர். இவை இரவில் இரை தின்று பகலில் ஓய்பவை. அதிகாலைதான் கூட்டமாக ஓடும். ஓட்டி நேராக, ஒரே வேகத்தில் போனால் அவையே படகின் முன்பக்கத்தில் சேர்ந்து நீந்தும். கூட்டத்தைச் சுற்றி வட்டமடித்தால் இரண்டாகப் பிரிந்து முங்கிவிடும். நூற்றுக்கணக்கில் ஸ்பின்னர்தான் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு ஊரையும் விட்டு, நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் வடமேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக்குப் போங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 மீற்றர் தூரத்தில் கைத்தொலைபேசியின் சாதாரண லென்ஸ் ஏறத்தாழ 140 மீற்றர் அகலத்தைப் பிடிக்கும். ஐந்து மீற்றர் வால் அதில் எறும்பு. முழுச்சட்டகக் கமராவில் 300 மி.மீ. லென்ஸ் பிடிப்பது 12 மீற்றர் அகலம். வால் கிட்டத்தட்டப் பாதிச் சட்டத்தை நிரப்பும். அதற்கு மேல் நீளமான லென்ஸ் ஆடும் படகில் தொல்லை. ஷட்டர் 1/1000 நொடிக்குக் குறையாமல் வையுங்கள். தொலைபேசி மட்டும் இருந்தால் வீடியோவாக எடுத்து, மீதி நேரம் வெறுங்கண்ணால் பார்ப்பது நட்டமில்லை.

கடல் மயக்கத்துக்கு டைமென்ஹைட்ரினேட் 50 மில்லிகிராம் மாத்திரையைப் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். குமட்டல் வந்தபின் படகில் தருவதை விழுங்கினால் அது வயிற்றில் நிற்காது. தூக்கம் வரும், அன்றைக்கு வாகனம் ஓட்ட வேண்டாம். பிள்ளைகளுக்கு அளவு மருத்துவரிடம். வெறும் வயிறும் பிழை, முட்டிய வயிறும் பிழை. இரண்டு பிஸ்கட், பாணில் ஒரு துண்டு போதும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது மூன்று: அனுமதிப்பத்திரம் உண்டா, எத்தனை பேரை ஏற்றுவீர்கள், திமிங்கிலம் தென்படாவிட்டால் என்ன. மூன்றாவதற்குச் சில நிறுவனங்கள் மறுநாள் இலவசமாக ஏற்றும், சில பாதிப் பணம் தரும். டொல்பின் கண்டாலே ‘கண்டாயிற்று’ என்று கணக்கு முடிப்பவர்களும் உண்டு, அதனால் வாக்கை எழுத்தில் வாங்குங்கள்.

மிரிஸ்ஸவிலிருந்து போனால் அடிவானத்தில் கொள்கலன் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று அது. திமிங்கிலங்கள் கப்பலில் அடிபட்டுச் சாவதும் அங்கேதான். எம்.எஸ்.சி. என்ற பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. பழைய தடத்திலேயே போகும் கப்பல்கள் இன்னும் உண்டு.

இரண்டில் ஒன்று என்றால், குடும்பத்தோடு, முதல் தடவை, நிச்சயமாகப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மிரிஸ்ஸ. நெரிசலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கடல் பழகியவர்களுக்குத் திருமலை. கடலே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் திருமலைதான், படகில் அல்ல. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை நூறு மீற்றர் அளவு உயரம். அங்கிருந்து அடிவானம் 35 கிலோமீற்றர். மார்ச், ஏப்ரலில் 8×42 தொலைநோக்கி ஒன்றோடு போனால் மூச்சுத் தூண்களை அங்கிருந்தே எண்ணலாம். விடிந்த கையோடு போனால் சூரியன் நேரே கண்ணில் குத்தும். ஒன்பது, ஒன்பதரைக்கு அது மேலே ஏறியிருக்கும், கடலில் காற்றும் இன்னும் எழும்பியிருக்காது.