ரெண்டும் 24 மெகாபிக்சல்தான், விலை மட்டும் ஏன் இப்படி?

கிருஷ்ணகிரியில் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுக்கிறேன். 2017இல் நிக்கான் டி5600, 2019இல் டி750 வாங்கினேன், இரண்டுமே இன்றும் வேலையில் இருக்கின்றன. இரண்டும் 24 மெகாபிக்சல், ஆனால் டி750 பாடிக்கு (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவுக்கு) இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தேன். "ரெண்டும் ஒண்ணுதானேடா, எதுக்கு இவ்வளவு காசு?" என்று அப்பா கேட்டபோது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

மாந்தோப்பில் மதிய வெயிலில் இரண்டிலும் எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டுக் காட்டினேன், வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விடியற்காலை முகூர்த்தத்தில்தான் தெரிந்தது. மண்டபத்தில் மங்கலான வெளிச்சம், ஹோமப் புகை வேறு, இருட்டிலும் படம் வெளிச்சமாக வர வைக்கும் ஐஎஸ்ஓ அளவை 6400க்கு ஏற்றினால் டி5600 படத்தில் பொண்ணு முகம் புள்ளி புள்ளியாக வரும், டி750இல் அதே அளவில் ஆல்பத்துக்குக் கொடுக்கலாம். காரணம் சென்சார், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லு. முதலாவதில் 23.5க்கு 15.6 மில்லிமீட்டர், இரண்டாவதில் 35.9க்கு 24, பரப்பில் இரண்டே கால் மடங்குக்கு மேல். அதிலுள்ள பிக்சல்களின் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றும் பெரிசு, அதிக ஒளி வாங்கும். சென்சார் பெரிதானால் ஒரு சிலிக்கான் தகட்டில் கொஞ்சம்தான் வெட்ட முடியும், ஒரு சின்னக் குறை விழுந்தாலும் பெரிய துண்டே வீண். விலை ஏறுவதற்கு இது முக்கியக் காரணம்.

அப்புறம் எருது விடும் விழா. புழுதி பறக்க மாடு ஓடிவரும்போது டி750 நொடிக்கு 6.5 படம் எடுக்கும், தூசி புகாத அடைப்பும் உண்டு. டி5600க்கு 5 படம், அடைப்பு கிடையாது, அதனால் அங்கே அதைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை.

டி750இல் இரண்டு மெமரி கார்டு போட்டு ஒரே படத்தை இரண்டிலும் பதியும் வசதியைப் பெரிதாக நினைக்காமல்தான் இருந்தேன், ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் ஒரு கார்டு திறக்கவே இல்லை. இன்னொன்றில் எல்லாப் படமும் இருந்தது. அன்று அந்தக் குடும்பத்திடம் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குகிறது.

எடை மட்டும் கஷ்டம். டி750 பாடியே 750 கிராம், டி5600 415 கிராம்தான். அணைக்குக் குடும்பத்தோடு போனால் சின்னதைத்தான் மாட்டிக்கொள்கிறேன்.

அக்கா மகன் இப்போது கேமரா கேட்கிறான், வேலைக்கு இல்லை, ஆசைக்கு. பழைய டி5600 ஒன்று பார்த்து வாங்கு, மீதிக் காசில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கு என்றேன். கேமராவோடு வரும் கிட் லென்ஸ் 50 எம்எம்மில் எஃப் 5.6 அளவில்தான் திறக்கும் (எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிசு), இது கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி விடும். ஆனால் 'ஜி' வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், மலிவான 'டி' வகை லென்ஸ் தானாக ஃபோகஸ் செய்ய அதற்கான மோட்டார் பாடியில் இருக்க வேண்டும், டி5600இல் அது இல்லை.